நின்றுபோன கல்யாணத்துக்கு வந்தவர்கள்

1

மலேசியாவில் இந்த ஈப்போவுக்கு வந்து எனக்கு எட்டு வருஷம் ஆகிறது. இன்னும் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டைதான். என் கணவர் வேலாயுதத்துக்கு நீல அட்டை. நீலம் வைத்திருப்பவர் இந்த நாட்டுக்காரர். சிவப்பு வைத்திருப்பவரும் இங்கே இருக்கலாம், ஆனால் எதற்கெடுத்தாலும் தனி வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் இந்த வருஷம் குடியுரிமைக்கு மனுப் போட்டேன்.

பதிவு அலுவலகத்தில் இருந்த மலாய்க்காரக் குமாஸ்தா நல்ல மனிதர். நான் பிறந்த ஊரை எழுதுவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. திருச்சிராப்பள்ளியை எழுத்தெழுத்தாக மூன்று தடவை சொன்னேன். கட்டத்துக்குள் இடம் போதாமல் பாதி ஊர் வெளியே நின்றது. 'ஸ்ரீரங்கம் என்று போடுங்கள், சின்னப் பெயர்' என்றேன். அது 'செரங்கம்' என்று விழுந்தது. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தபடி கல்யாணச் சான்றிதழ் கேட்டார். எங்களிடம் அது இல்லை. வயலூர் முருகன் கோவிலில் பதினைந்து பேர் பார்க்கத் தாலி கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். அதற்கு எந்தக் காகிதம்? 'பரவாயில்லை, உங்கள் ஆட்கள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவருவார்கள். அதில் இரண்டு பெயரும் தேதியும் இருக்கும். அதையாவது கொண்டுவாருங்கள்' என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு பத்திரிகை இருக்கத்தான் செய்தது. மூலைகளில் மஞ்சள், தங்க எழுத்து. என் மகள் மீனா அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு ஏழு வயது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். 'அம்மா, பசார்ல இக்கான் வாங்கலையா?' என்று கேட்கிற பிள்ளை. பசார் என்றால் சந்தை, இக்கான் என்றால் மீன். அந்தக் கேள்வியில் தமிழ் என்று எஞ்சியிருப்பது என்னைக் கூப்பிட்டதும் வாங்கலையா என்று கேட்டதும்தான். அவள் தமிழ் எழுத்தைப் பார்த்து ஆசையாக உட்கார்ந்தால் தடுக்க மனம் வருமா? ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். 'செல்வி அகிலாண்டம்' வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது.

"இது அப்பா பேர் இல்லையேம்மா."

இல்லைதான். அந்தப் பத்திரிகையில் இருந்த மாப்பிள்ளையின் பெயர் நடராஜன். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. நடந்த கல்யாணத்துக்கு நான் பத்திரிகை அடிக்க விடவில்லை. என் வீட்டில் காகிதம் இருப்பது நடக்காத கல்யாணத்துக்கு மட்டும்தான்.

அவளிடம் மறைக்கவில்லை. அந்த மாமா கடைசியில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். மீனா பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீ நாட்டியா இருந்தியா?"

நாட்டி என்றால் அவள் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் சேட்டைக்காரப் பிள்ளை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கம் முழுக்கக் கேட்ட கேள்வி இதுதான். அவர்கள் பெரியவர்களாகையால் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். இவள் நேராகக் கேட்டுவிட்டாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிற நீங்களும் படித்துக்கொள்ளுங்கள்.

2

ஜங்ஷன் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். ஸ்ரீரங்கத்திலிருந்து காலை எட்டே முக்கால் பஸ். அந்தக் காலத்தில் அந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஸீட்டின் ஜன்னலோரம் எனக்கு என்று எழுதாத உரிமை. காவேரிப் பாலத்தில் காற்று வந்து தலையைக் கலைத்தால் மலைக்கோட்டை வருவதற்குள் சரிசெய்துகொள்வேன்.

நடராஜன் அதே ஆபீஸில் குமாஸ்தா. எங்கள் ஆபீஸ் நடைமுறை இப்படி: குமாஸ்தா கடிதத்தைக் கையால் டிராஃப்ட் எழுதுவார். டைப்பிஸ்ட் அதைப் பார்த்து அடிப்பாள். அடித்த தாளுக்குக் கீழே அந்த டிராஃப்டையும் குத்தி சூப்பிரெண்டிடம் அனுப்ப வேண்டும். அவர் இரண்டையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

டிராஃப்டெல்லாம் மசியில், ஆங்கிலத்தில். ஒருநாள் நடராஜனுடைய டிராஃப்டின் அடியில் பென்சிலால் தமிழில் ஒரு வரி இருந்தது. 'நேற்றுக் கட்டியிருந்த பச்சைப் புடவை நன்றாக இருந்தது.' எனக்குக் காது சுட்டது. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு டிராஃப்டை அனுப்பினேன். அடுத்த நாள் அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். என்னைப் பற்றிப் பொய் சொல்லிப் பயனில்லை, எனக்கும் பிடித்திருந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. 'ஆறு மணி பஸ்ஸை விட்டுவிடு, அடுத்ததில் போகலாம்.' 'எங்கள் வீட்டில் பேசிவிட்டேன், அம்மா முறைக்கிறாள்.' 'அம்மா முறைப்பை நிறுத்திவிட்டாள்.' எல்லாவற்றையும் படித்து அழித்தேன். ஒரு ரப்பர் தேய்ந்து புதிதாக ஒன்று கேட்டபோது ஸ்டோர் குமாஸ்தா, "நீங்க இவ்வளவு தப்பா அடிக்கிறீங்க?" என்று கேட்டார். ஆபீஸிலேயே தப்பில்லாமல் அடிக்கிறவள் நான்தான்.

இரண்டு வீடும் சம்மதித்தது. எங்கள் சாதி சனத்தில் அப்போது விருப்பக் கல்யாணம் என்றால் புருவம் தூக்குவார்கள். ஜாதகம் பொருந்தியதால் தூக்கிய புருவமும் இறங்கியது. வைகாசியில் முகூர்த்தம் வைத்துப் பத்திரிகை அடித்து, லால்குடிப் பக்கத்துச் சொந்தங்களுக்கு அப்பாவே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. காலையில் ஒரு டிராஃப்ட் வந்தது. ஏதோ மேஜை நாற்காலி வாங்குவது பற்றிய கடிதம். வழக்கம்போல முதலில் அடியைப் பார்த்தேன். 'எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று தோன்றுகிறது. வீட்டில் இன்று சொல்லிவிடுவேன். மன்னித்துவிடு.'

கடிதத்தை அடித்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. டிராஃப்டைக் கீழே வைத்துக் குத்தினேன். ரப்பர் மேஜை மேல்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அப்படியே சூப்பிரெண்டுக்கு அனுப்பிவிட்டேன்.

கால் மணி கழித்து அவர் கூப்பிட்டார். மனிதருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அழிச்சுட்டு அனுப்பியிருக்கலாமேம்மா."

"எழுதினவர் அழிக்கட்டும் சார்."

நடராஜனைக் கூப்பிட்டு ரப்பரைக் கொடுத்தார்களாம். மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுக்க விஷயம் தெரிந்தது. வேண்டாம் என்றது யார் என்பதும் சேர்ந்தே தெரிந்தது. நான் விரும்பியதும் அதுதான்.

3

தைரியக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அன்று சாயங்காலம் இரண்டு பஸ்ஸை ஏறாமல் விட்டுவிட்டு ஸ்டாப்பிலேயே நின்றேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் முடியலை அகிலா. தேதி கிட்ட வர வர மூச்சு முட்டுது."

"ரெண்டு வருஷமா முட்டலையா?"

"நீ கோவிச்சுக்கற."

"பின்ன, கொஞ்சணுமா?"

பஸ் வந்தது. நான் ஏறினேன். அவர் ஏறவில்லை. பாலத்தைத் தாண்டும்போதுதான் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கூடையிலிருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்துக் கொடுத்தாள். எதற்கு அழுகிறேன் என்று கேட்கவில்லை. அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. எடுத்து வாயில் வைத்தால் உள்ளே போக மறுத்தது. அம்மா பயந்துபோய்க் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதுவும் அரை டம்ளர். இரண்டு வருஷமாக ஒவ்வொரு டிராஃப்டின் அடியையும் முதலில் பார்த்த கண், மறுநாளும் அங்கேதான் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த ஆசை ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது, கல்யாணம் நின்றதுகூட இல்லை.

ஊர் வைத்தியம் சொல்ல வந்தது. வேலையை விட்டுவிடு என்றது ஒன்று. மாற்றல் கேட்டு மதுரைக்குப் போ என்றது இன்னொன்று. இரண்டு மாசம் லால்குடியில் அத்தை வீட்டில் இரு, யார் கண்ணிலும் படாதே என்றது மூன்றாவது. எதிர்வீட்டு மாமி நல்லவள்தான். "அந்த பஸ்லயே ஏன்டி போறே? ஏழே முக்காலுக்கு ஒண்ணு இருக்கே. கூட்டம் இருக்காது, மனசுக்கும் சிரமம் இல்லை" என்றாள்.

"அவர் மாத்திக்கட்டும் மாமி. நான் முன்னாடியே அந்த பஸ்லதான் போயிட்டிருந்தேன்" என்றேன்.

எல்லாரும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: மறந்துவிடு. மறப்பதற்கு நான் என்ன தப்புச் செய்தேன்? ஒருவரை மனதாரப் பிரியப்பட்டேன். அதை ஒளித்துவைக்க வேண்டிய காரியமாக ஆக்கியது அவர் இல்லை, இவர்கள். அன்றைக்கும் அதே கோபம், இன்றைக்கும் அதே கோபம்.

4

சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். தாய்மாமா ஒரு கட்டு போஸ்ட் கார்டு வாங்கி வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். வாசகமும் தயாராக வைத்திருந்தார். 'தவிர்க்க முடியாத காரணத்தினால் திருமணம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.'

"ஒத்திவைக்கலையே மாமா. நின்னுல்ல போச்சு" என்றேன்.

"எழுத்துல அப்படித்தாம்மா போடணும். நாசூக்கா இருக்கும்."

"தவிர்க்க முடியாத காரணம்னா என்னன்னு கேப்பாங்களே?"

"எதையாச்சும் சொல்லிக்கலாம். உனக்கு அம்மை போட்டிருக்குன்னுகூடச் சொல்லலாம்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கத்தல் வந்ததோ. "அவருக்கு மூச்சு முட்டினா எனக்கு எதுக்கு அம்மை போடணும்?" என்றேன். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பது வருஷம் இரும்போடு வேலை செய்தவர், அதிகம் பேச மாட்டார். அவர் என்னையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. அந்த மூன்று வாரமும் கல்யாணம் நின்ற விஷயத்தை அவர் வாயால் ஒருவரிடமும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

கார்டுக் கட்டை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் என் கையால் எழுதினேன்: 'வைகாசி பன்னிரண்டாம் தேதி நடப்பதாக இருந்த என் கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிரயாணப்பட வேண்டாம். இப்படிக்கு, அகிலாண்டம்.'

"கல்யாணப் பொண்ணு தன் கையால இப்படி எழுதினா யாருடி உன்னக் கட்டிக்குவா?" என்று அம்மா அழுதாள். அழுதாளே தவிரக் கார்டைப் பிடுங்கவில்லை. இரண்டு நாள் சாயங்காலம் எழுதினேன். ஒவ்வொரு கார்டிலும் அந்த வாக்கியத்தை எழுதும்போது வலித்தது. நூறு தடவைக்கு மேல் எழுதிய பிறகு கை மட்டும்தான் வலித்தது. இது யாருக்காவது உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நான் ஆபீஸ் போயிருந்தபோது தபாலில் சேர்த்தது அம்மா. சாயங்காலம் வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"வெறும் கார்டா அடுக்கி வச்சிருந்ததைப் பாத்தா சாவுக் கார்டு மாதிரியே இருந்துச்சுடி. எனக்கு மனசு கேக்கலை. நாலு மூலையிலயும் கொஞ்சம் மஞ்சள் தடவித்தான் போட்டேன்."

உயிரோடு இருக்கிற பெண்ணைப் பற்றிய சேதி மஞ்சள் இல்லாமல் போகக் கூடாது என்பது அவள் நினைப்பு. எனக்கு அதில் கோபிக்க ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் தடவினால் எழுத்து மாறிவிடுமா என்று இருந்துவிட்டேன். நானும் அந்த ஊர்க்காரிதானே, யோசித்திருக்க வேண்டும்.

5

ஈப்போ கதையை முடித்துவிடுகிறேன். பத்திரிகையைப் பார்த்து வேலாயுதம் விழுந்து விழுந்து சிரித்தார். "இதையே கொடுத்துடலாமே. பேரை நான் மாத்திக்கறேன்" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். கல்யாணத் தரகர் என்னைப் பற்றி அவரிடம் சொன்னபோதே, 'பெண் நல்ல பெண், ஆனால் கல்யாணம் நின்றதைத் தானே ஊருக்குக் கார்டு போட்டவள், யோசித்துக்கொள்ளுங்கள்' என்று எச்சரித்தாராம். பெண் தேடி ஈப்போவிலிருந்து வந்திருந்த இவர் யோசித்துவிட்டு நேரே ஆபீஸுக்கே வந்து நின்றார். நான் அப்போதும் அதே ஆபீஸில், அதே மெஷினில்தான் இருந்தேன். கல்யாணம் நின்ற பிறகும் மூன்று வருஷம் நடராஜன் எழுதிய டிராஃப்டுகளை நான்தான் அடித்தேன். முதல் வருஷம் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது வருஷம் அவர் ஆங்கிலத்தில் இருந்த பிழைகள் கண்ணில் பட ஆரம்பித்தன. மூன்றாவது வருஷம் அவற்றைத் திருத்தாமலே அடித்தேன், அந்த அளவுக்கு எனக்கு ஆறிவிட்டது.

குமாஸ்தா கடைசியில் சத்தியப் பிரமாணம் போதும் என்றார். இரண்டு சாட்சிகளோடு போய், வேலாயுதம் என்பவரை என் முழு மனதோடு கல்யாணம் செய்துகொண்டேன் என்று அதிகாரி முன்னால் கை தூக்கிச் சொல்லிவிட்டு வந்தேன். மீனாவும் கூட வந்தாள். வெளியே வந்ததும், "அந்த மாமா இதைச் சொல்லலை, அதனால்தான் கல்யாணம் இல்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. "அப்புறம் நீ என்னம்மா பண்ணினே?"

6

அப்புறம் வைகாசி பன்னிரண்டாம் தேதி வந்தது. அன்றைக்கு லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, ஆபீஸுக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தேன். மணி எட்டு இருக்கும். வாசலில் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தால் அடையவளஞ்சான் தெருவில் எங்கள் வீட்டு முன்னால் நாற்பது பேருக்கு மேல் நிற்கிறார்கள்.

லால்குடி ரயிலில் வந்து ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்திருக்கிறார்கள். தலையில் வாழைத்தார், பூசணிக்காய், இலைக்கட்டு, தேங்காய் மூட்டை. கல்யாணத்துக்கு வெறுங்கையோடு வருகிற வழக்கம் எங்கள் சனத்துக்குக் கிடையாது. முன்னால் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, கூறைப்புடவை வைத்த தாம்பாளத்தோடு. பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை, மேளம் இல்லை. எல்லாரும் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று விழித்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் யாரும் கார்டைப் படிக்கவில்லை. மஞ்சள் தடவிய கார்டு வந்தால் அது கல்யாணச் சேதி. அதைப் படிக்கச் சொல்லி யாரிடமும் நீட்ட வேண்டியதில்லை. பெண் வீட்டார் மறுபடியும் ஞாபகப்படுத்துகிறார்கள், மரியாதை தெரிந்தவர்கள் என்று பேசிக்கொண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்கள். டவுனில் இருந்தவர்கள் படித்தார்கள், வரவில்லை.

அப்பா ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தார். உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அம்மா அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் போய்ப் பேசிக்கறேன். பொண்ணுக்கு உடம்பு சரியில்லை, தேதி தள்ளிப்போச்சுன்னு சொல்லி அனுப்பிடறேன். நீ கண்ணுல படாம இரு."

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. இவர் இந்த வாசற்படியைத் தாண்டி அதைச் சொல்லிவிட்டால், நான் எழுதிய கார்டெல்லாம் வீண். நான் நோயாளிப் பெண். பத்து ஊரில் ஆயுசுக்கும் அப்படித்தான். கையில் சீப்போடு அவருக்கு முன்னால் நான் போய் நின்றேன்.

"வாங்க அத்தை. எல்லாரும் வாங்க. கல்யாணம் இல்லை."

யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"மாப்பிள்ளை வேண்டாம்னுட்டார். மூணு வாரம் ஆச்சு. கார்டு போட்டிருந்தோம், நீங்க படிக்கலை போல. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

எதிர்வீட்டு மாமி வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள். அத்தை என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"ஏன் வேண்டாமாம்?"

"தெரியலை அத்தை. அவருக்கே தெரியலையாம்."

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"அழுதேன். வேற ஒண்ணும் இல்லை."

அத்தை தாம்பாளத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். பின்னால் திரும்பி, "பூசணிக்காயை இறக்குங்க. இவ்வளவு தூரம் வந்துட்டுப் பட்டினியாவா ரயிலேறுவோம்? அருவாமனை எங்கடி இருக்கு?" என்றாள்.

அதற்கப்புறம் நின்று யோசிக்க எங்கே நேரம்? மாமாவே அரிசி மூட்டையைத் தூக்கி வந்தார். முற்றத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். எதிர்வீட்டு மாமி அண்டாவும் கரண்டியும் கொடுத்தனுப்பினாள். அவள் வீட்டுப் பாத்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நறுக்கிக்கொண்டே ஒருத்தி இன்னொருத்தியிடம் குனிந்து, "இருந்தாலும் என்னமோ இல்லாமலா வேண்டாம்பான்?" என்றாள். எனக்குக் கேட்டது.

"இருந்தா எனக்கும் சொல்லுங்கக்கா. நானும் மூணு வாரமாத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன். அவள் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு நறுக்கினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் கடைசியில் சிரித்தாள்.

பூசணிக்காய் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், ரசம், மோர். கல்யாணச் சாப்பாடு என்று சொல்ல முடியாது, பாயசம் இல்லை. கூடத்தில் இலை போட்டு இரண்டு பந்தி. ஆபீஸுக்குக் கட்டிக்கொண்ட புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நான்தான் பரிமாறினேன். ரசம் ஊற்றும்போது ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பெண்ணை யார் கண்ணிலும் படாதே என்று சொன்னார்களோ, அவளை நாற்பது பேர் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். இனிமேல் கற்பனை செய்துகொள்ள அவர்களிடம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது பந்தி எழுந்தபோது அத்தை கை கழுவிவிட்டு உள் அறைக் கதவைத் தட்டினாள்.

"தம்பி, கதவைத் தொற. பொண்ணு வாசல்ல நின்னு பேசுறா, அம்பது பேருக்குச் சோறு போடுறா. தப்புப் பண்ணவன் மாதிரி நீ ஏன்டா பூட்டிக்கிட்டுக் கெடக்க?"

தாழ்ப்பாள் விலகியது. அப்பா வெளியே வந்தார். சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு நிற்கிற மாதிரியே வந்தார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"அந்தப் பையன்தான் வேண்டாம்னான். எங்க பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்லை. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான் அவருக்கு வரும். என்னிடம் திரும்பி, "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போதுதான் எனக்குப் பசிக்கிறது என்பதே தெரிந்தது. வயிற்றைப் பிடுங்குகிற பசி. அவர் இலைக்கட்டிலிருந்து ஒரு இலையை உருவித் தண்ணீர் தெளித்துத் தரையில் போட்டார். "உக்காரு" என்றார். நான் உட்கார்ந்தேன். சோற்றுக் கூடையை அவரே எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் ஆண்கள் பரிமாறி நான் பார்த்ததில்லை. அவருக்கு அளவு தெரியவில்லை, இலைக்கு வெளியிலும் கொஞ்சம் விழுந்தது. நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.